இருபத்திரண்டாம் கொக்கி

அந்த ஊரில் ஓர் ஆளின் விலை ஐம்பது. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அலுவலகம் ஒன்று இருந்தது. சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஐம்பதை முன்பணமாக வாங்கிக்கொண்டு, எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்பார். ஆள் இறங்கி வந்து டோக்கனைக் கொடுத்தால் ஐம்பது திரும்பக் கிடைக்கும். ஆள் இறங்கி வராவிட்டால் என்ன என்று, சன்னலில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலில் எழுதவில்லை. நான் பட்டியல்களை அடிவரை படிக்கிறவன். 'டோக்கனைத் திருப்பித் தராதவர்களுக்கு முன்பணம் திரும்பக் கிடைக்காது' என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது. அவ்வளவுதான். அந்தப் பொடி எழுத்தை ஊரில் யாரும் படித்திராத விதத்தில் நான் படித்தேன்.

எங்களுடையது பாத்திரக்கடை. தாத்தா தலையில் கூடை வைத்து விற்றார், அப்பா கல்லாவில் உட்கார்ந்து விற்றார், நான் மூன்று மாடிக் கட்டடத்தில் மின்தூக்கி வைத்து விற்கிறேன். எங்கள் வீட்டில் குழந்தை பிறந்த செய்தி வந்தால் முதலில் எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவனைப் பிடித்து, சர்க்கரை இருக்கிறது, தினமும் நடந்தால்தான் கால் விரல்கள் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. அவளுக்குக் கல்வெட்டு, பெயர்ப்பலகை, கல்லறை வாசகம் எது கிடைத்தாலும் நின்று படிக்க வேண்டும். மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக்கூட முழுதாகப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். "உங்களுக்கு நடக்க மலை, எனக்குப் படிக்கச் சரித்திரம். ரெண்டும் ஒரே ஊர்ல கிடைக்குது. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு நெனச்சுக்குங்க" என்றாள். இருபத்தேழு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எந்தச் சாவியை எந்தப் பூட்டில் போட வேண்டும் என்று தெரியும்.

ஊர் என்று பார்த்தால் ஒரே தெரு. அதிலும் பாதி படிக்கட்டு. மலையைக் குடைந்து செம்பு எடுத்த சுரங்கம் ஒன்று ஒரு காலத்தில் இருந்ததாம். அறுபது வருடங்களுக்கு முன்பு செம்பு தீர்ந்துவிட்டது. வெட்டி எடுக்க ஒன்றும் இல்லாமல் போனதும், வெட்டிய குழிகளைக் காட்டிப் பிழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுரங்க அலுவலகம் அருங்காட்சியகம் ஆயிற்று. கோவேறு கழுதைகள் செம்புக்கல் சுமந்த தடம், நகரத்து ஆட்கள் மூச்சு வாங்குவதற்கான பாதை ஆயிற்று. சரக்கு தீர்ந்த பிறகும் கடையைத் திறந்து வைத்திருக்கிற அந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்ததும் எனக்கு ஊர் மேல் ஒரு மரியாதை வந்தது.

நாங்கள் தங்கிய விடுதியில் ஆறே அறைகள். நடத்தியவருக்கு அறுபது வயது இருக்கும். எந்நேரமும் பழுப்பு நிறக் கம்பளிக் குல்லாய் ஒன்று தலையில் இருக்கும். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். குல்லாய்க்காரர் என்றுதான் நானும் என் மனைவியும் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். இரண்டு நாள் வாடகையை அவர் சொன்னதும் நான் வழக்கம்போலப் பாதியில் ஆரம்பித்தேன்.

"பாதி வாடகைக்குப் பாதிக் கூரைதான் சார் வரும். மழை எந்தப் பக்கம் பெய்யுதுன்னு பாத்து, மறுபக்கம் படுத்துக்குங்க" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

"கூரை பாதின்னா கட்டில் முழுசா வருமா?"

"கட்டில் வரும். கால் ரெண்டுதான்."

என் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "இது சீக்கிரத்துல முடியாதுங்க. கல்யாணத்தன்னிக்கு, நான் பாதிப் படத்துல கண்ணை மூடியிருக்கேன்னு சொல்லி ஃபோட்டோக்காரருக்குப் பாதிக் காசு குடுத்த மனுஷன் இவரு."

குல்லாய்க்காரர் முதல்முறையாகச் சிரித்தார். முக்கால் வாடகையில் முடிந்தது. என் பெயரைக்கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு நல்ல திருப்தி. ஆள் தொழில் தெரிந்தவர், சுலபமாக விழவில்லை. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து கட்டிலின் மேல் கூடுதலாக ஒரு கம்பளியை வைத்தார். "இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். "குளிருக்குச் சார்" என்றார். அந்தப் பதிலை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். கீழ்த்தளத்துக்குக் கட்டணம் இல்லை. மாடிக்குத் தனிச் சீட்டு. "பழைய பாத்திரம் பண்டத்தைப் பாக்க நான் காசு குடுக்கணுமா? பாக்கறதுக்கு எனக்கில்ல குடுக்கணும்" என்றேன். "நீங்க போய் நடங்க, மாடியை நான் பாத்துக்கறேன்" என்று அவள் தனக்கு மட்டும் சீட்டு வாங்கிக்கொண்டு படியேறிவிட்டாள். அப்படித்தான் நான் தனியாக அந்தத் தகரக் கூரைக்கு வந்து சேர்ந்தேன்.

சன்னலில் இருந்த அம்மாளுக்குக் குல்லாய்க்காரரின் அதே மூக்கு. அவருடைய அக்கா என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரியும். அவருக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு மரப்பலகை. அதில் வரிசை வரிசையாக அறுபது கொக்கிகள். கொக்கிகளில் பித்தளை டோக்கன்கள். நான்கு கொக்கிகள் மட்டும், பக்கத்துப் பக்கத்தில், துருப்பிடித்து வெறுமையாக இருந்தன.

"அந்த நாலு எங்கம்மா?"

"அது கொடுக்கறதில்ல" என்றார், தலை நிமிராமல்.

கொடுப்பதில்லை என்றால் முன்பே யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். நாலு பேர் எனக்கு முன்னால் முந்திக்கொண்டிருக்கிறார்கள். முந்திக்கொள்ள ஆள் இருந்தால் அந்தப் பொருளுக்குச் சந்தை இருக்கிறது என்று அர்த்தம்.

பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். ஓர் ஆளுக்கு ஒரு வரி. தங்குமிடம் என்ற இடத்தில், ஊர் முனையில் இருந்த பெரிய ஓட்டலின் பெயரை எழுதினேன். வெளியூரில் எங்கே தங்கியிருக்கிறோம் என்பதைச் சொல்லக்கூடாது. சொன்னால் நம் பையின் ஆழத்தை எதிராளி அளந்துவிடுவான் என்பது அப்பா காலத்து வழக்கம். கொள்முதலுக்குப் போகும் ஊர்களில் இருபது வருடமாக அப்படித்தான் எழுதி வருகிறேன். கை தானாக எழுதிவிட்டது. தொலைபேசி எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றிப் போட்டேன். இல்லாவிட்டால் நிலம் வாங்குங்கள், நகைச் சீட்டுக் கட்டுங்கள் என்று கூப்பிட்டு உயிரை எடுப்பார்கள். போகும் வழி என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு, முழுச் சுற்று. முழுச் சுற்று என்றால் முகட்டைத் தாண்டி, மலையின் அந்தப் பக்கம் பழைய சுரங்க வாய் வரை போய்த் திரும்புவது. மூன்றுக்கும் ஒரே கட்டணம். ஒரே கட்டணம் என்றால் எவனாவது சின்னதைக் குறிப்பானா? முழுச் சுற்றில் ஒரு கோடு போட்டேன். அந்த வரியில் நான் எழுதியதில் உண்மையாக இருந்தது என் பெயரும் கையெழுத்தும்தான்.

"இருபத்திரண்டு" என்று டோக்கனைக் கொடுத்தார். கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. இப்போது வருகிற கனமில்லாத பித்தளை இல்லை. நூறு வருடத்துக்குக் குறையாத வார்ப்பு. நகத்தால் சுண்டினேன். சத்தம் எழுந்து, நின்று, நிதானமாக உட்கார்ந்தது. அந்த மாதிரிச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. ஓரமெல்லாம் விரல் பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பழைய சாமான் சேர்ப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முந்நூறு கொடுப்பார்கள். முதல் வளைவு தாண்டுவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது: முந்நூறு பெறுமதியுள்ள பொருளை ஐம்பதுக்குத் தருகிறார்கள், அதைக் கடைசி வரியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள், படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பாதை நன்றாகத்தான் இருந்தது. கழுதைக் குளம்பு பட்டுப் பள்ளமான கற்கள், இரண்டு பக்கமும் ஈரமான பாசி, எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம். முதல் பெஞ்சில் மூச்சு வாங்கினேன். இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்தபோது மேகம் எனக்குக் கீழே இருந்தது. ஊர், தெரு, ஓட்டல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வெள்ளையாக ஒரு விரிப்பு. அதன் மேல் ஒரே ஒரு பருந்தின் நிழல் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, நான் எதையும் மதிப்புப் போடவில்லை. அது எனக்கே பிறகுதான் உறைத்தது. ஏதோ கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்தவன் மாதிரிச் சட்டென்று எழுந்து சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். டோக்கன் இருந்தது. முழங்கால் 'போதும்' என்றது. வந்த வழியே திரும்பினேன்.

மூன்றரை மணிக்குக் கீழே வந்தேன். அதே நேரத்தில் எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கூட்டம் இறங்கி, "எனக்கு முதல்ல குடுங்க, பஸ் போயிடும்" என்று சன்னலை மொய்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் ஒரு கையால் டோக்கன் வாங்கி, மறு கையால் பணம் கொடுத்து, திரும்பித் திரும்பிக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நடந்து தெருவுக்கு வந்துவிட்டேன். திருட்டு என்று அப்போது ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. என் ஐம்பதை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தேன், அவர்கள் டோக்கனை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். வியாபாரம் முடிந்தது.

அறைக்கு வந்து, காலுக்கு வெந்நீர் ஊற்றி, கூடுதல் கம்பளியையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். மணிச் சத்தம்தான் எழுப்பியது. ஒற்றை அடி, பத்து எண்ணும் நேரம் இடைவெளி, மறுபடி ஒற்றை அடி. வெளியே வந்தேன். மணி ஆறாகக் கால் மணி நேரம் இருந்தது. காலையில் எனக்குக் கீழே இருந்த மேகம் இப்போது தெருவுக்குள் வந்து வாசல் விளக்கைச் சுற்றி நின்றது. குல்லாய்க்காரர் முன்கூடத்தில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய டார்ச், ஒரு சுருள் கயிறு.

"என்ன சத்தம்?"

"யாரோ ஒருத்தர் எறங்கல சார். பெரிய ஓட்டல் பார்ட்டி போலிருக்கு. முழுச் சுற்று போயிருக்காரு."

"இந்த மூடுபனியிலயா? நீங்க எதுக்குப் போறீங்க, காலை வெச்சுக்கிட்டு?"

"முழுச் சுற்றுக்கு வழி தெரிஞ்ச கால் இது ஒண்ணுதான் சார். பழகின கால்." எழுந்து நின்று இடது காலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். "ரொட்டிக்கடைக்காரரும் அவர் மருமகனும் ரெண்டாம் பெஞ்சு வரைக்கும் பாப்பாங்க. அந்தப் பக்கம் நான் போறேன். டீ ஃபிளாஸ்க்ல இருக்கு, ஆறிடப்போவுது."

"சில பேருக்குப் பொறுப்பே கிடையாதுங்க" என்றேன் நான். அதை நான்தான் சொன்னேன். "ஊரையே அலைக்கழிக்கிறாங்க. இப்படிப்பட்டவங்களை மலைக்கே விடக்கூடாது."

"அப்படிச் சொல்லாதீங்க சார். எங்கயாவது கால் மடங்கி உக்காந்திருப்பாரு, பாவம்" என்று சொல்லிவிட்டு, குல்லாயைக் காது வரை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நாலு படி தாண்டுவதற்குள் ஆள் மறைந்து டார்ச் வெளிச்சம் மட்டும் போயிற்று. பிறகு அதுவும் இல்லை.

நான் டீ ஊற்றிக்கொண்டேன். சூடாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி வந்தாள். முகமெல்லாம் குளிரில் சிவந்து, கண்ணில் படித்தது எல்லாவற்றையும் யாரிடமாவது கொட்ட வேண்டும் என்ற அவசரம். உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "மாடியை நீங்க பாத்திருக்கணும். இப்ப அடிக்குதே, இந்த மணியோட கதையே அங்கதான் இருக்கு."

"இரு, முதல்ல நான் ஒண்ணு காட்டறேன்" என்றேன். நல்ல கொள்முதலைக் காட்டாமல் என்னால் இன்னொருவர் கதையைக் கேட்க முடியாது. டோக்கனை எடுத்து மேசையில் வைத்துச் சுண்டினேன். "கேளு. எப்படிப் பேசுது பாரு. முந்நூறுக்குக் கொறையாது. எவ்வளவுக்கு எடுத்தேன்னு சொல்லு பாப்போம்."

அவள் சத்தத்தைக் கேட்கவில்லை. எண்ணைப் பார்த்தாள்.

"இது பாதையில குடுக்கறதுதானே?"

"அம்பது. வெறும் அம்பது."

"திருப்பிக் குடுக்கலையா?"

"திருப்பிக் குடுத்தா முன்பணம் வந்துடும். குடுக்காட்டி வராது. அவ்வளவுதான் சட்டம். போர்டுலயே போட்டிருக்கான்."

வெளியே மணி ஒரு முறை அடித்தது. பத்து எண்ணும் நேரம் அவள் டோக்கனின் எண்ணை விரலால் தடவினாள். மறுபடி அடித்தது.

"சுரங்கத்துல எறங்கறவங்க எடுத்துட்டுப் போன டோக்கன் இது" என்றாள். படித்ததைச் சொல்லும்போது அவளுக்கு வருகிற உற்சாகம் குரலில் இல்லை. "சாயங்காலம் பலகையில எந்தக் கொக்கி காலியா இருக்கோ அந்த ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம். ஒரு நாள் ஒருத்தருக்குக் காய்ச்சல். மத்தியானமே வேற வழியா ஏறி வீட்டுக்குப் போயிட்டாரு. டோக்கன் சட்டைப்பையில. அவரைத் தேடிக்கிட்டு நாலு பேர் உள்ள எறங்கினாங்க. அந்த நாலு கொக்கியில இன்னிவரைக்கும் எதுவும் மாட்டறதில்லையாம். காய்ச்சல்காரர் அதுக்கப்புறம் முப்பது வருஷம் இந்த ஊர்லதான் இருந்தாரு. இந்த மணியை வாங்கி மாட்டினவரே அவருதான்."

நான் டீயைப் பார்த்தேன். பாதி மிச்சம் இருந்தது.

"யாரைத் தேடிப் போயிருக்காங்க?" என்று கேட்டாள்.

இருபத்தேழு வருடத்தில் அவள் கேட்டு நான் விலை சொல்லாத முதல் கேள்வி அது. டோக்கனை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் சொன்னதற்கு மேல் ஓடினேன். படிக்கட்டுகளில் ஈரம், ஒரு இடத்தில் சறுக்கி உள்ளங்கை கிழிந்தது. பித்தளையை மட்டும் விடவில்லை.

அலுவலகத்துக்கு வெளியே, கூரை ஓரத்தில் தொங்கிய மணியின் கயிற்றை அந்த அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தார். நான் டோக்கனைச் சன்னல் பலகையில் வைத்தேன். "இது… என்கிட்ட இருந்துச்சு."

கயிற்றை விட்டுவிட்டு வந்து எண்ணைப் பார்த்தார். பிறகு என்னை, கால் முதல் தலை வரை. "நீங்கதான் இருபத்திரண்டா? எங்கயும் அடிபடலையே?"

முதல் கேள்வி அதுதான். கையில் வழிந்த ரத்தத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டு "இல்ல" என்றேன்.

"எந்த வழியா எறங்குனீங்க?"

"இதே வழிதான். மூணரைக்கு. கூட்டமா இருந்துச்சு."

"மூணரைக்கு" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். உள்ளே போய் டோக்கனை இருபத்திரண்டாம் கொக்கியில் மாட்டினார். அது ஆடி நிற்கும் வரை நின்று பார்த்தார். பிறகு வெளியே வந்து மணியை மாற்றி அடித்தார். மும்மூன்றாக. ஆள் கிடைத்துவிட்டது, எல்லோரும் இறங்குங்கள் என்று அதற்கு அர்த்தம் என்பது கேட்காமலே எனக்குப் புரிந்தது.

"பெரிய ஓட்டலுக்கு ஃபோன் பண்ணேன். அப்படி ஒருத்தர் தங்கவே இல்லன்னாங்க" என்றார், அடிகளுக்கு நடுவே. "உங்க நம்பருக்குப் போட்டேன். யாரோ எடுத்து, 'எங்க வீட்ல எல்லாரும் இருக்காங்க, வைங்க'ன்னாங்க. சொந்தக்காரங்களுக்குச் சொல்லக்கூட வழியில்லாத ஆளா இருக்காரேன்னுதான் என் தம்பி கொஞ்சம் வேகமாவே போனான்."

"தம்பின்னா…"

"கம்பளிக் குல்லாய் போட்டிருப்பான். லாட்ஜ் வெச்சிருக்கான்."

நான் கயிற்றுக்குக் கை நீட்டினேன். "நான் அடிக்கறேம்மா. எத்தனை தடவை அடிக்கணும்?"

"வர்ற வரைக்கும்" என்றார்.

அந்த ஒரு விலையில் குறைத்துக் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கயிற்றைப் பிடித்தேன். கனமான மணி, இழுத்தால் தோள் வரை வந்து இடிக்கும். மூன்று, இடைவெளி, மூன்று. கிழிந்த உள்ளங்கையில் கயிறு ஒட்டிக்கொண்டது. இருபது நிமிடம் போல ஆயிற்று. பனிக்குள்ளிருந்து செருமல் சத்தம் கேட்டது. ரொட்டிக்கடைக்காரரும் மருமகனும் வந்தார்கள். இரண்டு டோக்கன்களும் கொக்கிக்குப் போயின.

"கெடச்சுட்டாரா? எங்க இருந்தாரு?" என்று ரொட்டிக்கடைக்காரர் ஆவலாகக் கேட்டார். மணி அடித்துக்கொண்டிருந்த என் செருப்பை, நகரத்துச் சட்டையை, அவர் மெதுவாகப் பார்த்து முடித்தார். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றார். அந்த ஊரில் திட்டுவதற்கு ஆளே கிடையாதா என்று எனக்குக் கோபம் வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி, பேசி, முடித்திருக்கலாம்.

"அவன்?" என்றார் அம்மாள்.

"முகட்டைத் தாண்டிட்டான் அக்கா. நாங்க ரெண்டாம் பெஞ்சுல இருந்து கத்திப் பாத்தோம். அந்தப் பக்கம் மணி கேக்காதே. திரும்ப முகட்டுக்கு ஏறினாத்தான் கேக்கும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர். மருமகன் டார்ச்சைத் தட்டிக்கொண்டே, "நான் மறுபடி போய்ட்டு வரட்டுமா?" என்றான்.

"வேணாம். ஒருத்தரைத் தேடிப் போனவங்களைத் தேடி ஆள் அனுப்பறதில்ல. தெரியுமில்ல" என்றார் அம்மாள். உள்ளே சுவரில் அந்த நாலு துருப்பிடித்த கொக்கிகள் இருந்தன. ஐந்தாவதாக, குல்லாய்க்காரர் எடுத்துப்போன ஏழாம் எண் காலியாக இருந்தது.

என் மனைவி வந்து சேர்ந்தாள். கையில் அந்தக் கூடுதல் கம்பளி, நாலாக மடித்து. பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். "எறங்கி வந்தா அவருக்குக் குளிரும்" என்றாள்.

"வந்தா இல்லம்மா. வந்ததும்" என்றார் அந்த அம்மாள்.

மருமகன் கொஞ்ச நேரம் கயிற்றை வாங்கிக்கொண்டான். நான் சன்னலுக்குப் போய், "அந்த வரியைக் கொஞ்சம் திருத்தணும்மா" என்றேன்.

"அடிக்கக்கூடாது. கீழ எழுதுங்க."

பேரேட்டில் என் வரிக்குக் கீழே எழுதினேன். தங்குமிடம், குல்லாய்க்காரரின் விடுதி. தொலைபேசி, சரியான எண். போன வழி, இரண்டாம் பெஞ்சு. மூன்று உண்மைகளை எழுத இவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை. பென்சிலில் ரத்தம் ஒட்டியது. எழுதி முடித்ததும் அவர் மேசை அறையை இழுத்து ஒரு ஐம்பதை எடுத்துச் சன்னல் பலகையில் வைத்தார்.

"ஐயோ, வேணாம்மா."

"வேணாம்னா எனக்குக் கணக்கு நிக்காது. டோக்கன் வந்தா காசு போயிடணும்."

"அபராதமா வெச்சுக்குங்க. எவ்வளவுன்னாலும் சொல்லுங்க. நான் பேரம் பேசல."

அவர் பேரேட்டின் தலைப்பு வரியை விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போனார். "அபராதம்னு இதுல எடம் இல்லையே சார்" என்றார். எனக்கு உதவ முடியவில்லையே என்கிற மாதிரித்தான் இருந்தது குரல். ஐம்பது அங்கேயே கிடந்தது. பனிக்காற்றில் பறந்துவிடாமல் அவரே அதன் மேல் டீ தம்ளரை எடுத்து வைத்தார்.

ஏழு மணி தாண்டிவிட்டது. கயிறு மறுபடி என் கைக்கு வந்தது. ரொட்டிக்கடைக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு குகை மாதிரி இருந்த இருட்டைப் பார்த்து நின்றார். என் மனைவி கம்பளியின் ஓரத்து நூல்களைச் சேர்த்துச் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். மணியின் இடைவெளி கொஞ்சம் நீண்டால் நிமிர்ந்து பார்த்தாள். நான் இழுத்தேன். பழகின கால் என்று அவர் தரையில் தட்டிக் காட்டியது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில், இல்லாத ஒருவனை, அவர் இந்நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதிய பெயர்தான். அது மட்டும் சரியான பெயர்.

"அக்கா, அங்க பாருங்க" என்றான் மருமகன்.

பனி ஒரு கை அகலத்துக்கு விலகியிருந்தது. வெகு உயரத்தில், முகடு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மஞ்சள் புள்ளி. அசைகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. என் மனைவி எழுந்து நின்றாள். கம்பளி மடியிலிருந்து விரிந்து தொங்கியது.

"அவர்தானே? அவரோட டார்ச்தானே அது? எழுதிக்குங்கம்மா, வந்துட்டாருன்னு எழுதிக்குங்க" என்று நான் கத்தினேன்.

"வெளிச்சத்தை எழுத முடியாது சார். கொக்கியில மாட்டினாத்தான் எழுதுவேன்."

பனி மூடிக்கொண்டது. புள்ளி இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. அந்த அம்மாள் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அன்றைய பக்கத்தின் அடியில் கோடு போட்டு, ஒவ்வோர் எண்ணாக, பென்சிலை அழுத்தி எழுதினார். சன்னல் வழியாகத் தலைகீழாகவே எனக்குப் படிக்க முடிந்தது; பட்டியல்களை அடிவரை படிக்கிற கண். கயிற்றை இழுத்தேன். மூன்று. இடைவெளி. மூன்று.

ஏறியவர்கள் 34
தேடப் போனவர்கள் 3
இறங்கியவர்கள் 36
வரவேண்டியது 1